மங்கியது விளக்கா, மதியா?

மாலை மயங்கும் நேரம். இலண்டன் மாநகரின் தெருவெல்லாம் மூடுபனி. கணவன் வெளியே போய்விட்டான். மாடி அறையிலே மனைவி தனித்திருக்கிறாள். சுவரிலே எரியும் காஸ் விளக்கு, யாரும் தொடாதிருக்கும்போதே, மெல்ல மெல்ல மங்குகிறது. தலைக்கு மேலே, அடைத்துக் கிடக்கும் பரண் அறையிலே, யாரோ நடமாடும் ஓசை! அவள் காண்கிறாள், கேட்கிறாள், கலங்குகிறாள். மங்கியது விளக்கா, என் மதியா? அந்த ஒரு கேள்வியிலேதான் அவள் வாழ்வே தொங்கிக் கொண்டிருக்கிறது.

விடை மிக எளிது. மங்கியது விளக்குத்தான். மதி தெளிவாகவே இருந்தது. ஆனால், அந்த எளிய விடையை அவள் எட்டிப் பிடிக்க முடியாதபடி ஒருவன் குறுக்கே நிற்கிறான். அவன் படையெடுத்து வந்த பகைவன் அல்லன்; பாதையிலே மறித்த கள்வன் அல்லன். அவள் விரும்பி, விழைந்து, கரம் பற்றிய கணவன்!

இதுவே 1944-ஆம் ஆண்டு ஜார்ஜ் கியூகர் இயக்க, எம்.ஜி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'காஸ்லைட்' என்னும் அமெரிக்கப் படத்தின் நெஞ்சுக்கூடு. பாட்ரிக் ஹாமில்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1938-இல் எழுதிய நாடகம் அதற்கு மூலம். மனைவி பவுலாவாக இங்கிரிட் பெர்க்மன். கணவன் கிரகரியாகச் சார்லஸ் பாயர். ஒளியைக் காட்டிலும் நிழல் மிகுதியாகப் பேசும் இத்தகைய அமெரிக்கப் படங்களுக்கு 1946-இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர்கள் 'கறுப்புப் படம்' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் பொருத்தந்தான். எனினும், இப்படத்தின் கருமை ஒளிப்பதிவிலே மட்டும் இல்லை. அது இல்லறத்தின் இருள்!

படம் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? "நல்ல திகில் படம். நகைக்காகக் கொலை செய்த ஒருவன், அந்த நகையைத் தேடி மீண்டும் வருகிறான். இறுதியிலே பிடிபடுகிறான். தீமை தோற்றது, நன்மை வென்றது" என்கிறார்கள். சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறார்கள். அந்த நிம்மதியை நான் மறுக்கிறேன். இது திருடனின் கதை என்று சொல்வது, படத்தைப் பாதியிலே பார்த்துவிட்டுப் பேசும் பேச்சு. கிரகரி கொலைகாரனாக இருந்ததால் பவுலாவை வதைக்க முடிந்ததா? இல்லை. கணவனாக இருந்ததால் முடிந்தது! கொலைக்கு அவனுக்குச் சட்டம் தந்தது தூக்குக் கயிறு. மனைவியின் மதியைக் கொல்வதற்கு அதே சட்டம் அவனுக்குத் தந்தது, சாவிக் கொத்து!

கதையைச் சற்று நிரல்படக் காண்போம்.

பவுலாவின் அத்தை அலிஸ் ஆல்க்விஸ்ட், புகழ்பெற்ற இசை நாடகப் பாடகி. இலண்டனில் தன் வீட்டிலேயே கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டவர். சிறுமி பவுலா இத்தாலிக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே இசை பயின்று வளர்கிறாள். பியானோ வாசிக்கும் கிரகரியைக் காண்கிறாள். பழகியது இரண்டே வாரம், மணம் முடிகிறது. "இலண்டனிலே ஒரு சதுக்கத்தில் அழகிய வீட்டிலே வாழவேண்டும் என்பது என் நெடுநாளைய கனவு" என்ற கருத்தில் அவன் பேசுகிறான். அத்தை விட்டுச் சென்ற வீடு அவளுக்கு உரியது. அச்சம் நிறைந்த அந்த வீட்டுக்கு, அவன் ஆசைக்காக, அவள் திரும்புகிறாள். அத்தையின் உடைமைகள் எல்லாம் பரணுக்குப் போகின்றன, பரண் அடைக்கப்படுகிறது. அந்தக் குவியலுக்குள் எங்கோ அவன் தேடும் விலைமதிப்பற்ற கற்கள். ஆம், அத்தையின் கழுத்தை நெரித்த கை, பவுலாவின் கழுத்திலே மாலை சூட்டிய அதே கை!

இரவுதோறும் அவன் வெளியே செல்வதாகச் சொல்லிவிட்டு, ஆளில்லாத பக்கத்து வீட்டின் வழியே கூரையேறி, பரணுக்குள் இறங்குகிறான். விளக்கேற்றிக் கொண்டு தேடுகிறான். ஒரே குழாயிலே வரும் வாயுவைப் பரணில் எரியும் விளக்கு பங்கு போட்டுக்கொள்கிறது. கீழே அழுத்தம் குறைகிறது; சுடர் தாழ்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. குழாயிலே அழுத்தம் குறைந்தது, அவ்வளவே! பவுலாவின் கண் பிழை செய்யவில்லை. காது பிழை செய்யவில்லை. அவள் கண்டது உண்மை, கேட்டது உண்மை. ஆராய்ச்சிக்கூடத்திலே நிற்கும் அறிஞனுக்கு நிகராக, மாற்றத்தைக் கண்டு, அது நிகழும் நேரத்தையும் குறித்துக்கொண்டாள். ஆனால், அவள் கண்டதைச் "சரி" என்று சொல்ல இன்னொரு கண் இல்லை. இல்லாதபடி பார்த்துக்கொண்டான் அவன்!

எப்படிப் பார்த்துக்கொண்டான்? இதிலேதான் படத்தின் பாடம் இருக்கிறது. அவன் அடிக்கவில்லை. உதைக்கவில்லை. உணவை மறுக்கவில்லை. உடைவாளை உருவவில்லை. அன்பாகப் பேசுகிறான்! தாயின் நினைவுப் பொருள் என்று சொல்லி ஓர் அணியூக்கைப் பரிசளிக்கிறான். "நீ எதையும் தொலைத்துவிடுவாயே" என்று கொஞ்சலாகச் சொல்லித் தன் கையாலேயே அவள் பைக்குள் வைக்கிறான். இலண்டன் கோட்டையைச் சுற்றிப் பார்க்கும்போது பை வெறுமை! சுவரிலே மாட்டியிருந்த படம் காணாமற் போகிறது, "ஏன் எடுத்தாய்?" என்கிறான். சமையற்காரியை அழைத்து, விவிலியத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்யச் சொல்கிறான். கவனியுங்கள், தோழர்களே! உண்மையை ஆராய்ந்து காண விரும்பாதவன் கையிலே முதலில் ஏறுவது வேதப் புத்தகந்தான். விருந்தொன்றிலே, பலர் கூடி இசை கேட்கும் அவையிலே, தன் கடிகாரத்தைக் காணோம் என்று காட்டுகிறான். அது அவள் கைப்பையிலிருந்து வருகிறது. அவள் வாய்விட்டு அழுகிறாள். அவையோர் திரும்பிப் பார்க்கின்றனர். அவன் விரும்பியதும் அதுவே. அன்றுமுதல் அவள் நோயாளி என்பதற்கு ஊரே சாட்சி!

யாரும் அவளைப் பார்க்க வரக்கூடாது. காரணம், "அவளுக்கு உடல்நலமில்லை". அவளும் எங்கும் போகக்கூடாது. காரணம், "உன் நன்மைக்குத்தான்". பணிப்பெண் நான்சியிடம் எசமானியை எளிதாகப் பேசவிடுகிறான்; இளித்துப் பேசி அவளையும் தன் பக்கம் இழுக்கிறான். பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஏஞ்சலா லான்ஸ்பரி, தம் முதற் படத்திலேயே அந்த நான்சியாக நடித்துப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார் என்றால், அந்தப் பாத்திரத்தின் கூர்மை விளங்கும். ஒரே கூரையின் கீழ் இரு பெண்கள். ஒருத்திக்குக் கூலி, ஒருத்திக்குத் தாலி போன்றதொரு மோதிரம். இருவரும் ஒருவனுக்கு அடங்கியவர்கள். இருவரும் கைகோத்திருந்தால் அவன் சூழ்ச்சி ஒரு வாரம் நிலைத்திருக்குமா? ஆகவேதான் ஒருத்தியைக்கொண்டு மற்றொருத்தியைக் குத்துகிறான். அடக்கி ஆள்பவர்கள் நாட்டிலே செய்வதை அவன் வீட்டிலே செய்தான்.

இறுதி அடி எது? "உன் தாய் பைத்திய விடுதியிலே மாண்டவள், அதே நோய் உனக்கும் வந்துவிட்டது" என்று கதை கட்டுகிறான். இரண்டு மருத்துவர்களை அழைத்து வரப் போவதாகச் சொல்கிறான். அவள் நம்புகிறாள். தன் கண்ணைவிட, தன் காதைவிட, கணவன் வாயை நம்புகிறாள்!

"அவ்வளவு பேதையா ஒரு பெண்?" என்று சிரிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான் பள்ளி ஆசிரியன். கரும்பலகைக்கு முன் நிற்பவனுக்கு எத்தகைய வலிமை உண்டு என்பதை நாள்தோறும் காண்பவன். வேண்டுமென்றே ஒரு கணக்குக்குத் தவறான விடையை எழுதிவிட்டு, வகுப்பைத் திரும்பிப் பாருங்கள். சரியான விடை கண்ட மாணவன் முதலில் என்ன செய்கிறான்? தன் ஏட்டிலே இருப்பதை அழிக்கிறான்! அவன் மூடன் அல்லன். கணக்குத் தெரிந்தவன். ஆனால், எதிரே நிற்பது எண் மட்டும் அன்று, அதிகாரம். "எழுந்து நில், என் விடை தவறு என்று சொல்" என்று அவனுக்குக் கற்றுக்கொடுக்காதவரை, அவன் தன் சரியை அழித்து என் தவற்றை எழுதிக்கொண்டே இருப்பான். பவுலா அழித்தது ஏட்டிலே இருந்த எண்ணை அன்று, தன்னையே! அவளைப் பேதை என்பவர்கள், அழிப்பானை அவள் கையிலே கொடுத்தவன் யார் என்று கேட்க வேண்டாமா?

கணவன் மட்டுமா கொடுத்தான்? சட்டம் கொடுத்தது, சமயம் கொடுத்தது, மருத்துவம் துணை நின்றது. இது கற்பனை அன்று. வரலாறு!

கதை நிகழும் விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தைப் பாருங்கள். மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணிலே தனியுருவம் இல்லை. அவள் கணவனுக்குள் கரைந்துபோனவள். அவளது அசையும் பொருள்கள் அவனைச் சேரும். தன் பெயரால் வழக்கிட அவளால் ஆகாது. 1882-இல் வந்த மணமான மகளிர் சொத்துச் சட்டந்தான் அவள் தனக்கெனப் பொருள் வைத்துக்கொள்ளவும், தன் பெயரிலேயே வழக்குத் தொடுக்கவும் வழி திறந்தது. பைத்திய விடுதி பற்றிய 1845-ஆம் ஆண்டுச் சட்டமோ, வசதி படைத்த ஒருவரை அடைத்து வைக்க, உறவினர் ஒருவர் ஒப்பமிட்ட ஆணையும் இரு மருத்துவர் சான்றும் போதும் என்றது. நீதித்துறை அலுவலர் ஒருவரின் ஆணையும் வேண்டும் என்ற நிலை 1890-இல்தான் வந்தது. "இரண்டு மருத்துவர்களை அழைத்து வருகிறேன்" என்று கிரகரி மிரட்டியபோது, அவன் மிரட்டியது வெறும் வாய்ச்சொல்லால் அன்று. நாட்டின் சட்டப் புத்தகத்தைக் காட்டி மிரட்டினான்!

சான்று வேண்டுமா? 1878. இலண்டன். ஜார்ஜினா வெல்டன் என்னும் அம்மையார், கணவனைப் பிரிந்து வாழ்ந்தவர். அவருக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த பணம் கணவனுக்குக் கசந்தது. பொய்ப் பெயர் சொல்லிக்கொண்டு மருத்துவர்கள் அவர் வீட்டுக்கு வந்தார்கள், பேச்சுக் கொடுத்தார்கள், போனார்கள். பிறகு அவரைப் பிடித்துப் போக ஆட்கள் வந்தார்கள். அம்மையார் தப்பினார், ஆணையின் கெடு முடியும்வரை ஒளிந்திருந்தார், வெளியே வந்தார். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும், தம்மைப் பைத்தியம் என்றவர்களை நீதிமன்றத்திலே நிறுத்தி, தாமே வாதாடி, வாட்டி எடுத்தார்!

அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம் என்ன தெரியுமா? ஆவிகளோடு பேசலாம் என்று அவர் நம்பியதும் பைத்தியத்துக்கு அறிகுறியாகக் காட்டப்பட்டது. இந்த இடத்திலே பகுத்தறிவாளன் தடுமாறக் கூடாது. ஆவி நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. அது மடமை என்றே சொல்வோம். ஆனால், மடமை வேறு, மனநோய் வேறு. மடமையை வாதத்தால் வெல்ல வேண்டும், பூட்டால் அன்று! தவறாக நினைக்கும் உரிமையைப் பிறர்க்கு மறுப்பவன், சரியாக நினைக்கும் உரிமையையும் ஒருநாள் இழப்பான்.

இழந்தவர் கதை கடலுக்கு அப்பால், அமெரிக்காவிலே இருக்கிறது. இல்லினாய் மாநிலம். 1860. தியோபிலஸ் பாக்கார்டு என்னும் கிறித்தவப் போதகர். அவர் மனைவி எலிசபெத். ஆறு குழந்தைகளின் தாய். மனிதன் பிறவியிலேயே முழுப் பாவி என்ற கணவரின் கொள்கையை அவர் ஏற்கவில்லை; ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவும் சொன்னார். போதகர் என்ன செய்தார்? பதிலுக்குப் பதில் வாதிட்டாரா? இல்லை! பைத்திய விடுதிக்கு அனுப்பிவிட்டார். 1851-இல் அம்மாநிலம் இயற்றியிருந்த சட்டம், மற்றவர்களுக்குத் தேவைப்பட்ட விசாரணை இல்லாமலேயே, கணவன் வேண்டினால் மனைவியை விடுதியில் சேர்க்கலாம் என்று இடம் கொடுத்தது. மூன்றாண்டு அடைபட்டார். வெளியே வந்தபின் வீட்டிலேயே ஓர் அறையில் பூட்டப்பட்டார். 1864-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வழக்கு மன்றம் ஏறியது. அவர் தெளிந்த அறிவுடையவர் என்று முடிவு சொல்ல நடுவர் குழுவுக்குத் தேவைப்பட்ட நேரம், ஏழே நிமிடம்!

மூன்றாண்டுச் சிறைக்கு எதிரே ஏழு நிமிடம். எவ்வளவு மலிவாக ஒரு பெண்ணின் அறிவு களவாடப்பட்டது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டுமா? எலிசபெத் ஓயவில்லை. ஊர் ஊராகச் சென்றார்; எழுதினார்; பேசினார். விசாரணையின்றி எவரையும் பைத்திய விடுதியிலே அடைக்கக் கூடாது என்னும் சட்டம் 1867-இல் இல்லினாய் மாநிலத்திலே வந்தது. போதகரிடம் வேதம் இருந்தது. எலிசபெத்திடம் வினா இருந்தது. வினா வென்றது.

"அங்கொருவன், இங்கொருவன் கெட்டவன் இருந்தான் என்பதற்காகத் திருமணத்தையே பழிக்கலாமா?" என்று கேட்பார்கள். நான் திருமணத்தைப் பழிக்கவில்லை. ஒருவர் சொல்லே உண்மை, மற்றவர் சொல் உளறல் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவைத்த திருமணத்தைப் பழிக்கிறேன். நல்லவன் கையிலே அந்தத் தீர்ப்பு இருந்தால் அவன் அதைப் பயன்படுத்தாமல் இருக்கலாம். ஆனால், உறையிலே கிடந்தாலும் வாள் வாள்தானே? அவன் நற்குணத்தை நம்பித்தான் அவள் பிழைக்க வேண்டுமென்றால், அது உரிமை ஆகுமா? பிச்சை அல்லவா?

இன்னொரு படத்தையும் அருகிலே வைத்துப் பாருங்கள். அதே 1944-ஆம் ஆண்டு. பில்லி வைல்டர் இயக்கிய 'டபுள் இண்டெம்னிட்டி'. அங்கே ஆபத்தானவள் மனைவி. காப்பீட்டு முகவன் ஒருவனை மயக்கி, அவன் துணையோடு கணவனைக் கொன்று, இரட்டைத் தொகை பெறத் திட்டமிடுகிறாள். அந்த மனைவியாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கும், இந்த மனைவியாக நடித்த இங்கிரிட் பெர்க்மனும் ஒரே ஆண்டில் சிறந்த நடிகைக்கான அகாதமிப் பரிசுக்கு நின்றார்கள், பெற்றவர் பெர்க்மன். நடிப்பிலே இருவரும் வல்லவர்களே. நான் காட்ட விரும்புவது வேறு. கணவனை ஒழிக்க மனைவிக்கு என்னென்ன தேவைப்பட்டன? காதலன் தேவை, ஏமாற்றிப் பெற்ற கையெழுத்து தேவை, இரவு தேவை, இரயில் தேவை, கொலை தேவை. மனைவியை ஒழிக்கக் கணவனுக்குத் தேவைப்பட்டவை? ஓர் அணியூக்கு, ஒரு கடிகாரம், ஓர் இன்சொல்! அவள் சட்டத்தை மீறியாக வேண்டியிருந்தது. அவனுக்குச் சட்டமே ஏவலாள்! எனினும், 'ஆபத்தான பெண்' என்றால் ஆயிரம் சுவரொட்டி. 'ஆபத்தான கணவன்' என்றால், "அவன் திருடன், அதனால் அப்படி" என்று சமாதானம்.

அந்தச் சமாதானத்துக்குப் படமும் ஓரளவு இடம் கொடுக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். கிரகரியைக் கொலைகாரனாகவும் கொள்ளைக்காரனாகவும் ஆக்கியதால், 'கணவன்' என்ற பதவி தப்பித்துக்கொண்டது. நகை வேட்டை இல்லாத கிரகரிகள், வெறும் ஆதிக்க வேட்டைக்காகவே அதைச் செய்யும் கிரகரிகள், கைவிலங்கு காணாமல் திரையரங்கிலே நம் பக்கத்து இருக்கையிலே அமர்ந்து படம் பார்க்கிறார்கள்! மீட்பவன் யார் என்பதிலும் குறை உண்டு. நாடகத்திலே மீட்க வருபவர் முதிய துப்பறிவாளர். படத்திலோ இளமையும் எழிலும் கொண்ட ஸ்காட்லந்து யார்டு அதிகாரி. ஜோசப் காட்டன் நடிக்கிறார். முடிவிலே அவரும் பவுலாவும் நிற்கும் நிலையைக் கண்டு அண்டை வீட்டு மூதாட்டி வியப்பது, அடுத்த மணத்துக்குக் கட்டியம் கூறுவது போல இருக்கிறது. கெட்டவன் கையிலிருந்து நல்லவன் கைக்கு மாற்றப்படுவதா விடுதலை? தன் காலிலே நிற்பதல்லவா விடுதலை!

ஆனால், அந்த அதிகாரி செய்த ஒரு செயலை நான் போற்றுகிறேன். அவர் வாள் சுழற்றவில்லை, வசனம் பொழியவில்லை. அவளோடு அறையிலே நின்று, மங்கிய விளக்கைத் தாமும் பார்த்தார். மேலே கேட்ட காலடியைத் தாமும் கேட்டார். "ஆம், மங்குகிறது" என்று ஒப்பினார். அவ்வளவே! பெர்க்மன் முகத்திலே அப்போது பரவும் ஒளியைக் காணவேண்டும். மருந்து இல்லை, மந்திரம் இல்லை, இரண்டாவது சாட்சி ஒன்று கிடைத்தது, நோய் பறந்தது! ஒருவர் கண்டதை மற்றொருவர் கண்டு உறுதி செய்வதுதானே அறிவியல்? அந்த அறிவியலை மனைவிக்கு மறுத்த வீடு, காற்றோட்டமுள்ள வீடாயினும் கல்லறை.

அதன்பின் வரும் காட்சியோ, படத்தின் குறைகளை எல்லாம் மன்னிக்க வைக்கும் காட்சி. பரணிலே நாற்காலியோடு கட்டப்பட்டுக் கிடக்கிறான் கணவன். தனியே பேச வேண்டும் என்று பவுலா உள்ளே வருகிறாள். கத்தியை எடுத்துக் கட்டை அறுக்கும்படி கெஞ்சுகிறான். கத்தி கைக்கு வருகிறது. ஆனால், அவள் என்ன செய்கிறாள்? 'நான்தான் பைத்தியக்காரியாயிற்றே! பொருளை எல்லாம் தொலைப்பவளாயிற்றே! உனக்கு எப்படி உதவ முடியும்?' என்ற பொருள்படப் பேசி, அவன் தந்த பட்டத்தையே அவன் முகத்திலே வீசுகிறாள். குத்தவில்லை, கொல்லவில்லை. அவன் செய்த பொய்யிலே அவனையே சிக்கவைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறாள். அந்த நிமிர்வை எந்த அதிகாரியும் அவளுக்குத் தரவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்!

படத்தைப் பற்றிய ஒரு செய்தி, கதையையும் மிஞ்சும் கேலி. இதே நாடகத்தை 1940-இலேயே இங்கிலாந்திலே தோரால்டு டிக்கின்சன் என்பவர் நல்ல படமாக எடுத்திருந்தார். எம்.ஜி.எம். உரிமையை வாங்கியதும், முந்தைய படத்தின் படிகளை அழித்துவிட முயன்றது. இருந்ததை இல்லை என்று சொல்லும் கிரகரியின் கலை, கதையை விட்டுக் கம்பெனிக்குள்ளேயே புகுந்தது! நல்வாய்ப்பாக அப்படம் பிழைத்தது. இன்று இரண்டையும் நாம் காணலாம். உண்மைக்குப் பரண் எத்தனை போட்டாலும் காலடி ஓசை கேட்கத்தான் செய்யும்.

காலம் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒருவரைத் தம் அறிவின் மீதே ஐயம் கொள்ளச் செய்யும் கொடுமைக்கு, இந்தப் படத்தின் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகிவிட்டது. மெரியம் வெப்ஸ்டர் அகராதியார் 2022-ஆம் ஆண்டின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தனர். எந்த நாட்டிலே கிரகரியின் கதை நிகழ்ந்ததோ, அந்த நாடு 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால், குடும்பத்துக்குள் தொடர்ந்து அடக்கி ஆட்டிப் படைப்பதைக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறை என்று விதித்தது. அடி விழுந்தால்தான் கொடுமை என்றிருந்த சட்டம், அடியின்றியும் ஓர் உயிரைச் சிதைக்கலாம் என்று ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று. ஆயினும், சொல் பெருகிய அளவுக்குப் பொருள் பெருகவில்லை. மாறுபட்டுப் பேசினாலே, மறந்து போனாலே, அந்தச் சொல்லை எடுத்து வீசுகிறார்கள். அது கூடாது. மாறுபடுவது குற்றமன்று, "நீ காணவே இல்லை" என்று கண்ணைப் பிடுங்குவதே குற்றம். கூரிய கருவியைக் கண்ட இடத்திலெல்லாம் தீட்டினால், வேண்டும்போது அது வெட்டாது.

இனி உன்னிடம் வருகிறேன், இளைஞனே! மேடை ஏறிப் பகுத்தறிவு பேசுகிறாய். "யார் சொன்னாலும் நம்பாதே, எண்ணிப் பார்" என்று முழங்குகிறாய். கை தட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். வீடு திரும்புகிறாய். மனைவியோ, தங்கையோ, தாயோ ஒரு கருத்தைச் சொல்கிறார்கள். உன் வாயிலிருந்து வருவது என்ன? "உனக்கு ஒன்றும் தெரியாது!" "நீயாக எதையாவது கற்பனை செய்து கொள்ளாதே!" "பைத்தியமா உனக்கு?" — இந்தச் சொற்களை எங்கே கற்றாய்? கிரகரி இலண்டனிலே பேசிய மொழியல்லவா இது! ஊருக்கெல்லாம் எண்ணச் சொல்லிவிட்டு, வீட்டிலே ஒருத்தி எண்ணினால் எரிச்சல் கொள்பவன், பகுத்தறிவுக்குத் தொண்டன் அல்லன்; தன் குரலுக்குத் தொண்டன்! தெருவிலே இருக்கும் பூசாரியை எதிர்த்துவிட்டு, வீட்டுக்குள்ளே தானே பூசாரியாகி, தன் சொல்லையே வேதமாக்கிக் கொள்வது எந்த வகைச் சீர்திருத்தம்?

பகுத்தறிவு என்பது அறிவுள்ளவனின் தனிச்சொத்து அன்று. அது இருவர் கூடிப் பார்க்கும் பார்வை. நீ கண்டதை அவள் சோதிக்கலாம். அவள் கண்டதை நீ சோதிக்கலாம். இருவரும் சோதிக்கப்படலாம் என்ற ஒப்பந்தம் இருக்கும் இடமே இல்லறம். ஒருவர் மட்டுமே சோதிக்கப்படும் இடம், விசாரணை அறை.

தோழியே! உனக்கும் ஒரு சொல். உன் கண்ணை நம்பு. நம்பியதை எழுதி வை. நாளும் நேரமும் குறித்து வை. தோழி ஒருத்தியிடம் சொல். அண்டை வீட்டாரிடம் சொல். உன் வீட்டு வேலைக்காரியைப் பகைத்துக்கொள்ளாதே, அவளும் உன்னைப் போல் அந்தச் சுவரைப் பார்ப்பவள். "யாரிடமும் பேசாதே, உன் நன்மைக்குத்தான்" என்று எவன் சொன்னாலும், அவன் எவ்வளவு இனிக்கச் சொன்னாலும், அன்றே ஒருவரிடம் பேசு. பவுலாவைக் காத்தது துப்பாக்கி அன்று, இன்னொரு சாட்சி என்பதை மறவாதே.

நண்பா! நாளை நீ மணம் கொள்வாய். மலர் சூட்டிக் கொள்வாய், வாழ்த்துப் பெறுவாய், இன்பமாக வாழ்வாய், வாழ்க! அப்போது ஒருநாள் மாலையிலே, உன் அருகிலே இருப்பவள், "விளக்கு மங்குகிறதே" என்று சொல்லக்கூடும். உனக்கு மங்கியதாகத் தோன்றாமல் இருக்கலாம். வேலை இருக்கலாம், களைப்பு இருக்கலாம். "இல்லையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பது எளிது. அப்படிச் சொல்லிவிடாதே. முதலில் எழுந்து போ, விளக்கைப் பார்!